முதியோர் பேணலும் வையாவிருத்தியமும்

உமாசுவாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் அகத்தவம் ஆறென வகுக்கப்பட்டுள்ளது. பிராயச்சித்தம், வினயம், வையாவிருத்தியம், சுவாத்தியாயம், வியுத்சர்க்கம், தியானம் என்பன அவை. இவற்றுள் சுவாத்தியாயம் பற்றியும் தியானம் பற்றியும் நம் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறோம். மூன்றாவதாக நிற்கும் வையாவிருத்தியத்தைப் பெயரளவில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். பணிவிடை, தொண்டு, பேணல் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். நோயுற்றார்க்கும் தளர்ந்தார்க்கும் கைகொடுப்பது வெளிப்பார்வைக்கு உடலால் செய்யும் வேலையே. ஆயினும் ஆசாரியர் அதனைப் புறத்தவத்தோடு சேர்க்கவில்லை. உண்ணாநோன்பு புறத்தவம், நோயாளியின் மலசலத்தைத் துடைத்துத் தூய்மை செய்வது அகத்தவம். அருவருப்பும் சலிப்பும் சினமும் அடங்கினாலன்றி அப்பணி கைகூடாது என்பதனை எண்ணினால் இவ்வைப்புமுறையின் நுட்பம் விளங்கும்.

இப்பாடத்தை நம் ஊர்களின் இன்றைய நிலையோடு பொருத்திப் படிக்க வேண்டிய தேவை நேர்ந்துள்ளது. தெள்ளார் என்றவுடன் பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் ஒன்பதாம் நூற்றாண்டில் அங்குப் பெற்ற வெற்றியும், அதனால் அவன் ஏற்ற 'தெள்ளாறெறிந்த' என்னும் அடைமொழியும் கற்றோர் நினைவுக்கு வரும். தெள்ளார் வட்டாரத்திலும் வந்தவாசி, தேசூர், பொன்னூர்ப் பக்கங்களிலும் உள்ள நம்மவர் தெருக்களில் இன்று நடந்து பார்ப்பவர்க்கு வேறொரு காட்சி தென்படும். பெரிய வீடுகள், உயர்ந்த திண்ணைகள். அவற்றில் ஒருவரோ இருவரோ வயது முதிர்ந்தோர். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழ்கின்றனர். திருவிழாவுக்கு வருவர், வந்து சில நாளில் திரும்பிவிடுவர். நிலம் குத்தகைக்குப் போயிற்று. ஜினாலயத்தில் விளக்கேற்றுவதற்கும் அம்முதியோரே எஞ்சியிருக்கின்றனர்.

இஃது எவர் மீதும் குற்றமாகச் சொல்லப்படுவதன்று. கல்வியைத் தேடிப் போகச் சொன்னவர்கள் இன்று திண்ணையில் இருக்கும் அதே பெற்றோர்தாம். மக்கள்தொகைக் கணக்கும் இதனையே காட்டுகிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகத்தில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனோர் நூற்றுக்கு 10.4 பேர், நாடு முழுமைக்கும் 8.6 பேர். நடுவணரசு அமைத்த வல்லுநர் குழுவின் மதிப்பீட்டின்படி தமிழகத்தின் இவ்விகிதம் 2021இல் 13.6; 2031இல் 18.2 ஆக உயரும். அக்கணக்கெடுப்பின்படி தமிழகத்துச் சமணர் அனைவரும், வடபுலத்திலிருந்து வந்து குடியேறியோரையும் சேர்த்து, 89,265 பேரே. சிறிய சமுதாயத்தில் இளைஞர் வெளியேறும்போது ஊரில் முதியோர் பங்கு மேலும் கூடித் தெரிவது இயல்பு.

"பட்டணத்துக்கு அழைத்துப் போய்விடலாமே" என்பர் சிலர். அழைத்துப் போனவர்கள் அறிவர். நாள்தோறும் ஜின தரிசனம் செய்து உண்ணும் நியமம் உடையவரை, ஆலயம் பல கல் தொலைவில் உள்ள அடுக்குமாடியில் கொண்டு வைத்தால் அவர் படும் பாடு சொல்லி முடியாது. பொழுது சாயுமுன் உண்பவர் அவர். வீட்டாரோ அலுவலகத்திலிருந்து வரும்போதே இரவாகிவிடும். தனியே சமைத்துத் தனியே உண்டு தனியே அமர்ந்திருக்கும் நிலை அங்கும் உண்டு. திண்ணையில் இருந்தால் தெருவில் போவோராவது ஒரு சொல் பேசுவர். ஆகவே பெரும்பாலோர் ஊரிலேயே இருக்க விரும்புகின்றனர். அவ்விருப்பத்தை மதித்து, ஊரிலேயே பேணுவதற்கு வழி காண்பதே முறை எனக் கருதுகிறேன்.

நாற்பத்தெண்மர்

சிவாரியர் இயற்றிய பகவதி ஆராதனை என்னும் பிராகிருத நூல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காதைகளால் ஆனது. சல்லேகனை ஏற்று உடலை நீக்கும் துறவியை அந்நூல் க்ஷபகர் என்றும், அவரை அருகிருந்து பேணுவோரை நிர்யாபகர் என்றும் குறிக்கும். ஒரு க்ஷபகருக்கு எத்தனை நிர்யாபகர் வேண்டும்? நாற்பத்தெண்மர் என்கிறது நூல். நால்வர் நால்வராகப் பன்னிரண்டு குழுக்கள். உடலைத் தாங்கவும் புரட்டிப் படுக்கவைக்கவும் எழுப்பி நடத்தவும் நால்வர். அறக்கதை கூற நால்வர். ஏற்ற உணவு கொணர நால்வர். பருகுவன கொணர நால்வர். கொணர்ந்ததைக் காக்க நால்வர். மலசலம் நீக்கிப் படுக்கையைத் தூய்மை செய்ய நால்வர். வாயிலில் நிற்க நால்வர். இரவெல்லாம் விழித்திருக்க நால்வர். இவ்வாறே ஏனைய பணிகளுக்கும் ஆட்கள் வகுக்கப்பட்டுள்ளனர்.

இக்காலத்து மருத்துவமனைகளில் செவிலியர், உடற்பயிற்சி வல்லுநர், உணவு வல்லுநர், மனநல ஆலோசகர் என்று பிரித்து வைத்திருப்பதை நோக்கும்போது, அவ்வேலைப் பங்கீட்டைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் துறவியர் சிந்தித்திருந்தனர் என்று பெருமை பேசத் தோன்றும். பெருமை கிடக்கட்டும். அந்நூல் அடுத்துச் சொல்வதுதான் நமக்கு வேண்டியது.

காலமும் இடமும் வாய்க்காதபோது நாற்பத்தெண்மர் கிடைக்கமாட்டார்கள். அப்போது எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம். நால்வர் வரை குறையலாம். கடைசி எல்லை இருவர். ஒருவர் மட்டும் பேணுதல் கூடவே கூடாது என்று நூல் விலக்குகிறது. காரணமும் கூறுகிறது. தனியொருவர் தம் உணவுக்காகப் போனால் க்ஷபகர் கைவிடப்படுவார். போகாமல் உடனிருந்தால் தம்மையே கைவிட்டவர் ஆவார். இருவழியும் அறத்துக்கு இழுக்கு.

நம் வீடுகளை இவ்வளவையால் அளந்து பார்ப்போம். படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாரையோ மாமனாரையோ பேணுபவர் யார்? பெரும்பாலும் ஒரே ஒருவர். அவர் ஒரு பெண். மருமகளாக இருப்பார், மணமாகாத மகளாக இருப்பார், அல்லது தாமே எழுபதைக் கடந்துவிட்ட மனைவியாக இருப்பார். அவருக்கு முதுகுவலி உண்டு, இரத்த அழுத்தம் உண்டு. இரவில் மும்முறை எழுந்திருப்பார். உறவினர் திருமணத்துக்குப் போய் ஆண்டுகள் ஆகியிருக்கும். "நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள்" என்று ஊரார் புகழ்வர். புகழ்வோருள் ஒருவராவது ஒரு பிற்பகல் வந்து, "நீ போய்ச் சற்று உறங்கு, நான் இருக்கிறேன்" என்று சொல்வதில்லை. நாள்பட்ட சோர்வினால் அவர் ஒருநாள் கடுஞ்சொல் கூறிவிட்டால் மட்டும் அது தெரு முழுவதும் பரவும். பகவதி ஆராதனை விலக்கிய நிலையை நாம் குடும்பப் பண்பு என்று பெயரிட்டு வைத்திருக்கிறோம்.

ஆடவர் கடமை பற்றியும் ஒரு சொல். நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் மூன்றாவது நிர்விசிகித்சை, அதாவது அருவருப்பின்மை. அதற்குச் சமந்தபத்திர ஆசாரியர் ரத்னகரண்ட சிராவகாசாரத்தில் எடுத்துக்காட்டாகப் பெயர் சுட்டுபவர் உத்தாயன மகாராஜர். தேவன் ஒருவன் நோயுற்ற முனிவர் வடிவில் வந்து, உண்டதை அங்கேயே கக்கினான். அரசர் அருவருப்படையாமல், தாம் தந்த உணவில்தான் குறை இருந்ததோ என வருந்தித் தம் கையாலேயே தூய்மை செய்தார் என்பது கதை. அரண்மனையில் பணிப்பெண்டிர்க்குக் குறைவில்லை. எடுத்துக்காட்டாக நின்றவரோ அரசர். தந்தையின் படுக்கையை மாற்றுவது பெண்கள் வேலை என்று ஒதுங்கும் நம் ஆடவர் இக்கதையை மீண்டும் ஒருமுறை படித்தல் நலம்.

உணவு, மருந்து, உபகரணம், உறைவிடம்

ரத்னகரண்டத்தில் இல்லறத்தார்க்குரிய நான்கு சிக்ஷாவிரதங்களுள் நான்காவதாக வையாவிருத்தியம் வைக்கப்பட்டுள்ளது. அருங்கலச்செப்பு வழியாக இந்நூற்பொருள் தமிழில் நம் முன்னோர்க்கு நன்கு பழக்கமாயிருந்தது. உணவு, மருந்து, உபகரணம், உறைவிடம் என நால்வகைத் தானத்தால் அவ்விரதம் நிறைவேறும் என்கிறார் சமந்தபத்திரர். நேர்ப்பொருளில் இவை துறவியர்க்கு உரியவை என்பது உண்மை. தத்துவார்த்த சூத்திரமும் ஆசாரியர், உபாத்தியாயர் முதலாகப் பதின்மரைப் பேணத்தக்கவராக எண்ணும்போது தவம் மேற்கொண்டோரையே கருதுகிறது. ஆனால் அப்பதின்மருள் 'கிலானர்', அதாவது பிணியுற்றோர், தனியே எண்ணப்பட்டிருப்பதைக் காண்க. நம் முதியோருள் பலர் அணுவிரதம் பூண்டவர்கள். அட்டமி, சதுர்த்தசி நோன்பு தவறாதவர்கள். நாற்சங்கத்தில் சிராவகரும் சிராவகியரும் அடங்குவர் என்பது நம் வழக்கு. வீட்டில் உள்ள விரதியைப் பேணாமல் விட்டு, எங்கிருந்தோ வரும் விரதியை எதிர்கொள்ளக் காத்திருப்பது பொருந்தாது.

இந்நான்கனுள் நோன்பும் மருந்தும் மோதும் இடத்தைச் சற்று விரிவாக ஆராய வேண்டும். ஏனெனில் அது நம் வீடுகளுக்கே உரிய சிக்கல். வெளி மருத்துவர் தாமாக அறியமாட்டார்.

நீரிழிவு உடைய பெரியவர் மாலை ஐந்தரைக்கு உண்டு முடிக்கிறார் எனக் கொள்வோம். மறுநாள் நீராடி, ஆலயம் சென்று, பூசை முடித்து உண்ணும்போது ஒன்பது மணி ஆகிறது. இடைவெளி பதினைந்தரை மணி. மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டில் "இரவு உணவுக்கு முன்" என்று இருக்கும். எட்டு மணிக்கு உண்பார் என்று அவர் எண்ணியிருப்பார். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் சர்க்கரையை வேகமாகக் குறைக்க வல்லவை. நெடுநேரம் வயிறு வெறுமையாக இருக்கையில் நள்ளிரவிலோ விடியலிலோ சர்க்கரை மிகத் தாழ்ந்து வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் நேரும். எழுந்து நடந்தால் விழுவார். இடுப்பெலும்பு முறியும். "வயதாகிவிட்டது, தலைசுற்றி விழுந்துவிட்டார்" என்று முடித்துவிடுவோம். உண்ணும் நேரத்தை மணிக்கணக்காக மருத்துவரிடம் சொன்னால் மருந்தின் வகையையும் அளவையும் வேளையையும் மாற்றித் தர அவரால் இயலும். நோன்பை விடச் சொல்ல வேண்டிய தேவையே பெரும்பாலும் எழாது. சொல்லாமல் மறைப்பதே தீங்கு.

நீர் அடுத்தது. இருட்டிய பின் நீரும் பருகாத உறுதியுடையோர் உண்டு. அவருள் சிலர் இரவில் எழ வேண்டியிருக்குமே என்று பகலிலும் நீரைக் குறைத்துக்கொள்கின்றனர். கோடையில் இதனால் சிறுநீர்த் தாரையில் நோய் பற்றும்; மலச்சிக்கல் வரும்; எழுந்தால் கண் இருளும். கதிரவன் இருக்கும்போதே, காய்ச்சி வடித்த நீரைக் கணக்கு வைத்துப் பருகச் செய்வது பேணுவோர் கடமை. உப்பைத் துறக்கும் இரச தியாகமும் அவ்வாறே கவனத்துக்குரியது. சிறுநீரை மிகுவிக்கும் வகை இரத்த அழுத்த மாத்திரை உண்ணும் முதியவர் நாள் கணக்கில் உப்பை அறவே நீக்கினால் குருதியில் சோடியம் தாழ்ந்து குழப்பமும் மயக்கமும் ஏற்படக்கூடும். இதற்கு விடை நம் நூலிலேயே உள்ளது. தீர்த்தங்கர நாமகர்மத்துக்குக் காரணமான பதினாறு பாவனைகளில் தியாகத்தையும் தவத்தையும் சொல்லும் இடத்தில் "சக்திக்கேற்ப" என்ற அடையைச் சேர்த்தே உமாசுவாமிகள் சொல்கிறார். எண்பது வயதின் சக்தி முப்பது வயதின் சக்தி அன்று. அதே பதினாறனுள் வையாவிருத்தியமும் ஒன்று என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளலாம்.

கூட்டுக்குளிகைகளின் மேலுறை பெரும்பாலும் விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டினால் ஆனது. இதனை அறிந்த முதியோர் பலர் குளிகையைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டு, விழுங்கியதாகச் சொல்வர். அவரைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. அதே மருந்து மாத்திரையாகவோ தாவர உறையிட்ட குளிகையாகவோ கிடைக்கிறதா என மருத்துவரையும் மருந்தாளுநரையும் கேட்பதே வழி. பல மருந்துகளுக்குக் கிடைக்கிறது. தேன் கலந்த இலேகியங்களுக்கும் சாராயச் சேர்க்கையுள்ள பருகு மருந்துகளுக்கும் இது பொருந்தும்.

உபகரணம் என்பது முனிவர்க்குப் பிஞ்சியும் கமண்டலமும் நூலும். முதியவர்க்கு அது கைத்தடி, நாற்காற்சட்டம், மூக்குக்கண்ணாடி, செவிப்பொறி, சக்கர நாற்காலி, மலங்கழிக்க நடுவில் துளையிட்ட நாற்காலி, படுக்கைப்புண் வராமல் காக்கும் காற்று மெத்தை. இவை ஒரு வீட்டில் சில மாதமோ சில ஆண்டோ பயன்படும். பிறகு பரணில் கிடக்கும். நம் ஆலயங்களில் திருமணத்துக்கெனப் பாத்திரங்கள் பொதுவில் இருப்பது போல், இப்பொருள்களும் ஒரு தொகுதி இருந்தால் ஊர் முழுமைக்கும் போதும். பஞ்சகல்யாணத்துக்கும் விமானத்துக்கு வண்ணம் தீட்டுவதற்கும் மனமுவந்து வழங்கும் நம் கொடையாளர் இதற்கும் வழங்குவர், கேட்பவர்தாம் இல்லை. அவ்விமானத்தைக் கண்ணாரக் காண வேண்டிய கிழவர் படியேற முடியாமல் தெருவிலேயே நின்று கும்பிட்டுப் போகிறார். படியோரம் ஓர் இரும்புக் கைப்பிடி வைக்க எவ்வளவு செலவாகும்?

உறைவிடம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். சமந்தபத்திரர் இதற்குக் காட்டும் எடுத்துக்காட்டு, முனிவர் தங்கிய குகையைக் காத்து நின்ற காட்டுப்பன்றி. விலங்குக்கும் இயன்ற தானம் இது. நம் பழைய வீடுகளில் வாயிற்படிக்கட்டை உயரம், கழிப்பறை கொல்லைக் கோடியில், இடையில் பாசி படர்ந்த முற்றம், விளக்கு மங்கல். விழுதலுக்கு வேண்டிய எல்லாம் ஒருங்கே அமைந்திருக்கின்றன. இரவு விளக்கு, சொரசொரப்பான தரை, பிடிமானம், வீட்டுக்குள்ளேயே ஒரு கழிப்பறை ஆகிய நான்கும் போதும். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிக் கிடத்தி, குதிகாலும் இடுப்படியும் சிவந்திருக்கின்றனவா எனப் பார்த்தல் வேண்டும். இப்பணிக்கே இருவர் தேவை என்பதைப் புரட்டிப் பார்த்தவர் அறிவர்.

சல்லேகனை என்னும் பெயரால்

இனிக் கூறப்போவது சிலருக்குக் கசக்கலாம். முதியவர் ஒருவர் உணவை மறுக்கத் தொடங்கியதும், "அவர் சல்லேகனைக்கு மனம் வைத்துவிட்டார்" என்று சொல்லி விட்டுவிடும் போக்கு அங்கங்கே காணப்படுகிறது. இது பெரும் பிழை.

செஞ்சிக்கு அருகில் திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் திருவுருவங்கள் செதுக்கப்பட்ட பாறையும், சந்திரநந்தி ஆசாரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததைக் கூறும் பழங்கல்வெட்டும் உள்ளன. ஆறாம் நூற்றாண்டளவினதாக அதனைக் கருதுவர். தமிழ் எழுத்து வரலாற்றிலும் இடம்பெற்ற கல்வெட்டு அது. அத்தகைய மரபுக்கு உரியவர்கள் நாம். 2015 ஆகஸ்டு 10ஆம் நாள் இராசத்தான் உயர்நீதிமன்றம் சல்லேகனையைத் தற்கொலைக்கு ஒப்பாகக் கருதித் தடைசெய்தபோது நாடெங்கும் சமணர் அமைதி ஊர்வலம் நடத்தினர். அம்மாதம் 31ஆம் நாள் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. நாம் காக்க முனைந்த அந்த விரதத்தின் இலக்கணம் என்ன? இடையூறு, பஞ்சம், முதுமை, நோய் ஆகியன தீர்வே இல்லாத நிலையை அடைந்தபோது, அறத்தின் பொருட்டு உடலை நீத்தல் என்பது சமந்தபத்திரர் வகுத்தது. 'தீர்வில்லாத' என்ற சொல் அங்கே உயிர்நாடி. குருவின் இசைவும், தெளிந்த அறிவும், யாவரிடமும் மன்னிப்புக் கேட்டு மன்னிப்பு அளித்தலும் அதற்கு வேண்டும். அருகிருந்து பேண நிர்யாபகரும் வேண்டும்.

பல் ஆடுவதால் மெல்ல முடியாமல் உணவை ஒதுக்குபவர், மலச்சிக்கலால் பசியற்றவர், வாழ்க்கைத் துணையை இழந்த துயரால் வாடிக் கிடப்பவர், 'அறளை பெயர்ந்தது' என்று நாம் சொல்லும் மறதி நோயால் தட்டில் உள்ளதை உணவென்றே அறியாதவர் ஆகியோர் விரதம் ஏற்றவர் அல்லர். இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு மருத்துவம் உண்டு. மருத்துவம் இல்லாதவற்றுக்குப் பேணும் முறை உண்டு. நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்று திடீரென உளறினால் அது முதுமையின் இயல்பன்று; நோய்த்தொற்றோ உப்புக் குறைவோ மருந்தின் கேடோ இருக்கும்; அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பேணாமையை விரதம் என்று பெயர் மாற்றி வைப்பது விரதத்துக்கும் இழுக்கு, அம்முதியவர்க்கும் கொடுமை.

அரசும் சட்டமும் தருவன

முதியோர் மருத்துவம் தனித்துறையாக வளர்ந்ததில் தமிழகத்துக்குத் தனியிடம் உண்டு. டாக்டர் வி. எஸ். நடராசன் முயற்சியால் 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர்க்கெனப் புறநோயாளர் பிரிவு தொடங்கிற்று. 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கு எம்.டி. பட்டப்படிப்பும் வந்தது. 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மையம் திறக்கப்பெற்றது. இவை யாவும் சென்னையில். நம் ஊர் முதியவர்க்கு வந்தவாசி, திண்டிவனம் அரசு மருத்துவமனைகளே கைக்கெட்டுவன. மாதந்தோறும் பேருந்தேறிச் சென்று வரிசையில் நின்று மாத்திரை வாங்கும் துன்பத்தைக் குறைக்கும் நோக்கில், 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்றது 'மக்களைத் தேடி மருத்துவம்'. இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்குரிய மருந்தை இல்லத்திலேயே தருவதும், இயன்முறை மருத்துவம், வலி தணிக்கும் பேணுதல் ஆகியவற்றை வீட்டுக்குக் கொண்டுசேர்ப்பதும் அத்திட்டத்தின் கூறுகள். நம்மவருள் சிலர், "அரசு மருந்து ஏழைகளுக்கு" என்று கௌரவம் பார்த்துப் பெயர் பதிவதில்லை. வீண் கௌரவம். 1962 ஏப்ரலில் மாதம் 20 ரூபாயாகத் தமிழகத்தில் தொடங்கிய முதியோர் ஓய்வூதியம் 2023இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. ஆதரவற்ற நிலையில் உள்ள நம் விதவைப் பெண்டிர் சிலர் மனு எழுதித் தர ஆளின்றி அதனையும் இழந்து நிற்கின்றனர்.

சொத்து மாற்றம் பற்றி ஓர் எச்சரிக்கை. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத பெற்றோர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் விண்ணப்பித்து மாதம் 10,000 ரூபாய்க்கு மேற்படாத பராமரிப்புத் தொகை பெறலாம். அச்சட்டத்தின் 23ஆம் பிரிவு, பேணுவதாகக் கூறிச் சொத்தைப் பெற்றவர் பேணத் தவறினால் அப்பத்திரத்தை இரத்துச் செய்ய இடமளிக்கிறது. ஆனால் பேண வேண்டும் என்ற நிபந்தனையோடு அம்மாற்றம் நிகழ்ந்ததை நிறுவியாக வேண்டும் என உச்சநீதிமன்றம் 2022 டிசம்பரில் கூறிற்று. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், முதியோர்க்கு நலம் பயக்கும் சட்டம் ஆதலின் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றும் கூறிற்று. வழக்கு எவ்வாறு முடியும் என்று காத்திராமல், தானப்பத்திரம் எழுதும் அன்றே "ஆயுள் முழுதும் உணவு, உறைவிடம், மருத்துவம் அளித்துப் பேண வேண்டும்" என்ற வாசகத்தை எழுதச் செய்தல் அறிவுடைமை. மகனிடம் நம்பிக்கை இல்லையா என்று கேட்பர். நம்பிக்கை உள்ளவனுக்கு அவ்வாசகம் சுமையாகாது.

பெண்மக்கட்கும் ஒரு குறிப்பு. நமக்கும் பொருந்தும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழகம் 1989இல் கொண்டுவந்த திருத்தத்தால் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு வந்தது. 2007ஆம் ஆண்டுச் சட்டம் பேணும் கடமையையும் மகன், மகள் இருவர் மீதும் வைக்கிறது. மருமகள் ஒருத்தியே சுமப்பது வழக்கத்தால் வந்தது, சட்டத்தால் வந்ததன்று.

இரண்டாமவர் யார்?

நிர்யாபகர் இருவர் வேண்டும் என்றோம். குடும்பத்தில் ஒருவரே இருக்கும்போது இரண்டாமவர் எங்கிருந்து வருவார்? இதற்குக் கேரளம் ஒரு வழி காட்டிற்று. 1993இல் கோழிக்கோட்டில் வலி தணிப்புப் பேணுதலுக்கெனச் சங்கம் ஒன்று தொடங்கிற்று. அதிலிருந்து கிளைத்த அண்டை அயலார் தொண்டு வலையம், வாரம் இரண்டு மணி நேரமாவது தரக்கூடிய ஊர்மக்களைத் திரட்டிப் பதினாறு மணி நேரப் பயிற்சி அளித்து, படுக்கையில் உள்ளோர் வீடுகளுக்கு அனுப்பிற்று. ஆசிரியர், கடைக்காரர், மாணவர், இல்லத்தரசியர் ஆகியோர் அவர்களுள் இருந்தனர். மருத்துவர் செய்வதை அவர்கள் செய்யவில்லை. உடனிருத்தல், குளிப்பாட்டுதல், மருந்து உட்கொண்டதைக் குறித்தல், மனுவுக்குக் கையொப்பம் வாங்குதல் போன்றவற்றைச் செய்தனர். சப்பான் நாடு 2000 ஏப்ரலில் நாற்பது வயதானோர் அனைவரிடமும் சந்தா வாங்கி முதியோர் பேணுதலுக்குக் காப்பீடு அமைத்தது. அது செல்வ நாடு. கேரளத்து வழிக்கு வேண்டியது நேரம் மட்டுமே.

நம் ஊர்களில் ஐம்பது முதல் அறுபத்தைந்து வயதுக்குள் ஓய்வுபெற்ற ஆசிரியரும் அலுவலரும் பலர் உளர். மாலை வேளையில் ஆலயத்தில் கூடுவோரும் அவர்களே. நால்வர் கொண்ட ஒரு குழு, முறை வைத்து, வாரம் ஒரு பிற்பகல் ஒரு வீட்டில் இருந்தால் போதும்; பேணும் அப்பெண்ணுக்கு அந்த மூன்று மணி நேரம் ஓய்வு கிடைக்கும். நம்மவர் வீடுகளோடு இதனை நிறுத்திக்கொள்ளவும் கூடாது. ஆரணிப் பக்கத்துக் குழித்தறிகளில் ஆயுள் முழுதும் அமர்ந்து முழங்காலும் கண்ணும் இழந்த நெசவாளர்களும், வந்தவாசிக் கோரைப்பாய் முடைந்து இடுப்பொடிந்த மூதாட்டியரும் நம் அண்டை அயலார். புழுவைக் கொன்று எடுப்பது என்று பட்டை நம்மில் பலர் விலக்கலாம். அதை நெய்தவர் நோயை விலக்க நமக்கு உரிமை இல்லை. ஆலயத்தில் வைக்கும் சக்கர நாற்காலி அவர் வீட்டுக்கும் போகலாம்.

மகாவீரர் ஜயந்திக்கும் மேல்சித்தாமூர்த் தேருக்கும் வெளியூர்ப் பிள்ளைகள் ஊருக்கு வருவர். அந்நாள்களில் ஒன்றில், அபிஷேகம் முடிந்து உணவுக்கு முன் அரைமணி நேரம் ஒதுக்கி, ஒரு குறிப்பேட்டில் ஊரின் முதியோர் பெயர்களை எழுதலாம். தனித்திருக்கிறாரா, உடன் இருப்பவர் யார், உடன் இருப்பவர்க்கு ஓய்வு தரும் இரண்டாமவர் யார், என்ன மருந்து, எந்த வேளையில் உண்கிறார், எந்த நோன்பு உடையவர், மாற்றுச் சாவி யாரிடம், இரவில் யாரை அழைப்பது ஆகிய குறிப்புகள் அதில் இருக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் அவசர ஊர்திக்குரிய 108, முதியோர் உதவிக்குரிய 14567 ஆகிய எண்களையும் பிள்ளைகளின் எண்களையும் கண்ணாடி இல்லாமலே படிக்கும் அளவு பெரிய எழுத்தில் ஒட்டிவிட்டுப் போகலாம். குறிப்பேடு பூசகரிடமோ ஆலய நிர்வாகியிடமோ இருக்கட்டும். இரண்டாமவர் என்ற கட்டம் எந்தெந்தப் பெயருக்கு நேரே வெறுமையாக நிற்கிறதோ, அந்த வீடுகளுக்கு அன்று மாலையே இருவர் சென்று வர வேண்டும்.